லெவல் 3, லெவல் 5 என்கிறார்களே, அது என்ன? சி.எம்.எம்.ஐ. பற்றி முதல் தடவை கேட்பவர்களுக்கு

மென்பொருள் வேலைக்கான அரசு டெண்டர் ஏதாவது ஒன்றை எடுத்துத் தகுதிப் பகுதியைப் பாருங்கள். சி.எம்.எம்.ஐ. லெவல் 3 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்கிற வரி பலவற்றில் இருக்கும், சிலவற்றில் லெவல் 5 வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் மார்க்கும் உண்டு. ஐம்பது, அறுபது பேரை வைத்துக் கம்பெனி நடத்துகிறவர்களில் பலர் இந்தப் பெயரை முதலில் கேள்விப்படுவதே அங்கேதான். உடனே யாராவது ஒரு கன்சல்டன்டைத் தேடிப் பிடித்து போன் போடுவார்கள். எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் கிடைக்கும், இந்த இரண்டு கேள்விதான். நான் அந்த போனை எடுக்கும் பக்கத்தில் வேலை பார்ப்பவன். போன் போடுவதற்கு முன்னால் தெரிந்திருந்தால் நல்லது என்று நான் நினைக்கும் விஷயங்களை இங்கே எழுதுகிறேன். நேற்றுவரை டெஸ்டிங்கில் இருந்து, இன்று காலையிலிருந்து வேலை முறைகளை வகுத்துக் கவனிக்கும் புராசஸ் டீம் நீதான் என்று சொல்லப்பட்டு விழிக்கிறவர்களும் படிக்கலாம்.

சி.எம்.எம்.ஐ. என்பதன் விரிவு கேப்பபிலிட்டி மெச்சூரிட்டி மாடல் இன்டக்ரேஷன். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு நிறுவனம் தன் வேலையை எவ்வளவு ஒழுங்காக, திரும்பத் திரும்ப அதே தரத்தில் செய்கிறது என்பதை ஐந்து படிகளாகப் பிரித்துப் பார்க்கும் அளவுகோல், அவ்வளவுதான். செய்து முடித்த மென்பொருள் நன்றாக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை, செய்யும் முறையைத்தான் பார்க்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். 1980-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு தலைவலி இருந்தது. விமானம், ஏவுகணை எல்லாவற்றிலும் மென்பொருள் நுழைந்துவிட்டது, ஆனால் அதை எழுதித் தருகிற ஒப்பந்ததாரர்கள் சொன்ன தேதிக்கும் தருவதில்லை, சொன்ன காசுக்கும் முடிப்பதில்லை. 1984-ல் பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், அந்தத் துறையின் பணத்தில், சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இன்ஸ்டிட்யூட் தொடங்கப்பட்டது. ஐ.பி.எம்.மில் பல வருஷம் இருந்த வாட்ஸ் ஹம்ப்ரி 1986-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒப்பந்தத்தைக் கொடுப்பதற்கு முன்பே, இந்தக் கம்பெனியால் இதைச் செய்து முடிக்க முடியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி. தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டில் ஷூவார்ட், டெமிங், ஜூரான் போன்றவர்கள் சொன்னதையும், பிலிப் கிராஸ்பி 1979-ல் வெளியிட்டிருந்த ஐந்து நிலைத் தர அட்டவணையையும் எடுத்துக்கொண்டு, ஹம்ப்ரியின் குழு மென்பொருளுக்கு ஐந்து படிகளை வகுத்தது. 1991-ல் அது சி.எம்.எம். என்ற பெயரில் முறையாக வெளிவந்தது, 2000-ல் சி.எம்.எம்.ஐ. ஆனது. இப்போது அதை நடத்துவது ஐசாகா என்கிற அமைப்பு, 2016-ல் வாங்கியது. 2018-ல் 2.0 பதிப்பு, 2023-ல் 3.0.

ஆக, இது வேலை கொடுப்பவரின் வசதிக்காகப் பிறந்த கருவி. டெண்டரில் அந்த வரி இருப்பதைப் பார்த்து "நம்மைப் படுத்துகிறார்கள்" என்று அலுத்துக்கொள்வதில் பொருளே இல்லை, அது பிறந்ததே அந்த வரிக்காகத்தான்.

நம் ஊருக்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அமெரிக்க விண்வெளி ஓடத்தில் பறந்த மென்பொருளை எழுதிய ஹூஸ்டன் ஐ.பி.எம். குழுதான் முதன்முதலில் லெவல் 5 என்று மதிப்பிடப்பட்டது. அதற்கு அடுத்து அந்த உயரத்துக்குப் போனவற்றில் ஒன்று பெங்களூரில் இருந்த மோட்டோரோலாவின் மென்பொருள் மையம், 90-களின் முதல் பாதியிலேயே. பிறகு இந்திய ஐ.டி. கம்பெனிகள் வரிசை கட்டிக்கொண்டு போயின. காரணம் லேசாக ஊகிக்கக்கூடியதுதான். உலகத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர், நேரில் பார்த்திராத ஒரு கம்பெனியை நம்பி வேலையைத் தர வேண்டும், அவர் கையில் எடுத்துப் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டுமில்லையா. சென்னையில் ஹம்ப்ரியின் பெயரிலேயே ஒரு மென்பொருள் தர நிறுவனம் இருந்தது என்பது இன்று ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் பலருக்குத் தெரியாது.

சரி, அந்த ஐந்து படி என்னென்ன?

புத்தகத்தில் இருக்கும் பெயர்கள் இவை: இனிஷியல், மேனேஜ்டு, டிஃபைன்டு, குவான்டிடேட்டிவ்லி மேனேஜ்டு, ஆப்டிமைசிங். இப்படிச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. நான் வேறு மாதிரி சொல்வேன். ஒரு தப்பு நடந்தால் அது யாருக்கு, எப்போது தெரியவருகிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் ஐந்து படிகளும் தானாக விளங்கும்.

ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் அறுபது பேர் கம்பெனி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவு அதிகாரி ஒருநாள் சாயங்காலம் டெவலப்பர் ஒருவரை நேராக போனில் கூப்பிட்டு, "தம்பி, இன்சூரன்ஸ் பேஷன்ட் யாருக்கும் இனிமேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது, அதை எடுத்துடுங்க" என்கிறார். தம்பியும் நல்லவர், அரை மணி நேரத்தில் மாற்றிவிடுகிறார். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து டெஸ்டர் பழைய டெஸ்ட் கேஸை ஓட்டுகிறார், அட்வான்ஸ் கட்டம் காணவில்லை, பக் (பிழை) என்று பதிவு செய்கிறார். அன்றைக்குத் தம்பி லீவு. வேறொரு டெவலப்பர் அந்த பக்கை "சரிசெய்து" பழையபடி ஆக்கிவிடுகிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி அது லைவுக்குப் போகிறது. சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி கவுன்டரில் இன்சூரன்ஸ் நோயாளிகளிடம் அட்வான்ஸ் கேட்கப்படுகிறது, ஒரே சண்டை, கணக்கு அதிகாரி முதலாளிக்கே போன் போட்டுக் கத்துகிறார்.

இதில் யாராவது முட்டாளா? சோம்பேறியா? இல்லை. மூன்று பேரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். தப்பு நடந்தது வாடிக்கையாளருக்கு முதலில் தெரிந்தது, கம்பெனிக்குக் கடைசியில் தெரிந்தது. இதுதான் லெவல் 1. லெவல் 1 என்றால் மோசமான கம்பெனி என்று அர்த்தமில்லை, அருமையான பொருள்களைச் செய்கிற லெவல் 1 கம்பெனிகள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்த அருமை ஓரிரண்டு கெட்டிக்காரர்களின் கையில் இருக்கும். கல்யாணச் சமையல் மாதிரி, மாஸ்டர் வந்தால் சாம்பார் மணக்கும், மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு என்ன ஆகும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

லெவல் 2-ல் தப்பு அந்த ப்ராஜெக்டின் மேனேஜருக்காவது முன்கூட்டியே தெரியும். மேலே சொன்ன கதையில் என்ன மாற வேண்டும்? பெரிதாக ஒன்றுமில்லை. கணக்கு அதிகாரி போனில் சொன்னதும் தம்பி ஒரு பதிவு போடுகிறார்: மாற்றம் எண் 47, கேட்டவர் யார், எந்தத் தேதியில், என்ன மாற்றம், இது எந்தெந்தத் திரையைத் தொடும், எத்தனை மணி நேரம் ஆகும். மேனேஜர் பார்த்து ஒப்புதல் தருகிறார், டெஸ்டருக்குத் தகவல் போகிறது, டெஸ்ட் கேஸ் மாறுகிறது. ஐந்து நிமிஷ வேலை. எக்செல்லில் போடலாம், ஜிரா என்கிற வேலைப் பதிவு மென்பொருளில் போடலாம், நோட்டுப் புத்தகத்தில்கூட எழுதலாம், மாடல் அதைப் பற்றிக் கவலைப்படாது. என்ன செய்ய வேண்டும் என்றுதான் சி.எம்.எம்.ஐ. சொல்லும், எப்படி என்பது உங்கள் பாடு. இதேபோலத் திட்டமிடல், திட்டப்படி போகிறதா என்று கவனித்தல், கோடும் ஆவணமும் எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்ற கட்டுப்பாடு, வெளியில் கொடுத்த வேலையின் மேல் ஒரு கண், சொன்னபடி செய்கிறோமா என்று இன்னொருவர் வந்து பார்த்தல், இவை எல்லாம் இந்தப் படியில் வரும். இதில் ஏதாவது ஒன்று யாரும் கேள்விப்படாத வித்தையா? பொறுப்பான ஆள் யாரும் செய்வதுதான். எல்லா ப்ராஜெக்டிலும், வேலை நெருக்கும்போதும் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

லெவல் 3-ல் அந்தக் கம்பெனி முழுவதற்கும் ஒரே முறை இருக்கும். லெவல் 2-ல் ஒரு டீம் மாற்றங்களை ஜிராவில் பதியும், பக்கத்து டீம் மெயிலில் வைத்திருக்கும், மூன்றாவது டீம் மேனேஜரின் லேப்டாப்பில் ஒரு எக்செல் இருக்கும். ஒவ்வொன்றும் ஓடும், ஆனால் இந்த டீமில் கற்ற பாடம் அந்த டீமுக்குப் போய்ச் சேராது, ஆள் மாறிப் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். லெவல் 3-ல் நிறுவனத்துக்கென்று ஒரு பொது முறை எழுதப்படும், ஒவ்வொரு ப்ராஜெக்டும் தன் அளவுக்கு அதை வெட்டித் தைத்துக்கொள்ளலாம். டெய்லரிங் என்றே அதற்குப் பெயர். மூன்று பேர் ஆறு வாரம் செய்யும் வேலைக்கும், முப்பது பேர் ஒரு வருஷம் செய்யும் வேலைக்கும் ஒரே அளவு காகிதம் கேட்டால் அது முட்டாள்தனம், மாடலும் அப்படிக் கேட்கவில்லை. வடிவமைப்பு, ரிவ்யூ, சோதனை, ரிஸ்க், பயிற்சி எல்லாம் இங்கே சேர்ந்துகொள்ளும். போன ப்ராஜெக்டில் எவ்வளவு மணி நேரம் ஆனது என்ற கணக்கு ஒரு பொது இடத்தில் இருக்கும், புது ப்ராஜெக்டுக்கு விலை சொல்லும்போது அதைப் பார்த்துச் சொல்வார்கள். சிறு கம்பெனிகளுக்கு உண்மையிலேயே பணம் மிச்சமாவது இந்த இடத்தில்தான். இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஐந்து மாதம் மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

லெவல் 4 கொஞ்சம் வேறு உலகம். இங்கே தப்பு நடப்பதற்கு முன்பே எண்கள் எச்சரிக்கும். அதே பில்லிங் கம்பெனி கோட் ரிவ்யூ செய்கிறது, அதாவது ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துக் குறை தேடுகிறார், இதுவரை நடந்த ரிவ்யூக்களின் கணக்குப்படி ஆயிரம் வரிக்குச் சராசரியாக 12 குறைகள் கிடைக்கின்றன, வழக்கமான ஏற்ற இறக்கம் 6-லிருந்து 18 வரை என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு ஒரு மாட்யூலில் 2 குறைதான் வந்தது. எல்லோரும் கைதட்டுவார்கள், சூப்பர் கோட் என்று சொல்லி டெஸ்டிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். லெவல் 4 கம்பெனி கைதட்டாது, நிறுத்திக் கேட்கும். இதை எழுதியவர் அவ்வளவு திறமைசாலியா, அல்லது ரிவ்யூ செய்தவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் அவசரமாக ஆயிரம் வரியை அரை மணி நேரத்தில் புரட்டிவிட்டாரா? இரண்டாவது என்றால் அந்தக் குறைகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, சனிக்கிழமை காலை கவுன்டரில் வந்து நிற்கும். எண் ரொம்ப நன்றாக இருந்தாலும் சந்தேகப்படத் தெரிவதுதான் இந்தப் படி. இதற்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு நிறைய நிஜமான தரவு வேண்டும், தரவு சேர நாள் பிடிக்கும். லெவல் 3-லிருந்து 4-க்குத் தாவுவதில் பலரும் திணறுவது இதனால்தான்.

லெவல் 5-ல் அதே தப்பு மறுபடி வராதபடி காரணத்தையே போய்ப் பிடுங்குவார்கள், பிடுங்கியதும் உண்மையிலேயே குறைந்ததா என்று அதே எண்களை வைத்துச் சரிபார்ப்பார்கள். பில்லில் பைசாவை ரவுண்ட் செய்வதில் மாதாமாதம் ஏதாவது ஒரு பிழை வருகிறதென்றால், ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போகாமல், ஏன் வருகிறது என்று உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு டெவலப்பரும் தனக்குத் தெரிந்த மாதிரி தனித்தனியாக ரவுண்டிங் எழுதியிருக்கிறார், அதுதான் காரணம். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஃபங்ஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மூன்று மாதம் அந்த வகைப் பிழை எத்தனை வந்தது என்று எண்ணுகிறார்கள். கடைசியில் சொன்ன அந்த எண்ணுதல் இல்லாவிட்டால் அது லெவல் 5 ஆகாது, வெறும் நல்லெண்ணம்.

ஐ.எஸ்.ஓ. 9001-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். அது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும், தகுதி உண்டா இல்லையா என்று இரண்டே விடை. இது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று சொல்லும், வேலையின் உள்ளே இன்னும் ஆழமாகப் போகும். இரண்டையும் வைத்திருக்கும் கம்பெனிகள் நிறைய, ஒன்றுக்காகச் செய்த வேலை மற்றதற்கும் உதவும். கார் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்கிறவர்களிடம் ஆட்டோமோட்டிவ் ஸ்பைஸ் கேட்பார்கள், அது தனி மாடல். சி.எம்.எம்.ஐ. மென்பொருளுக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம், 3.0 பதிப்பில் சேவை, சப்ளையர், பாதுகாப்பு, தரவு, பணியாளர் உட்பட எட்டுப் பிரிவுகள் இருக்கின்றன, உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

கன்சல்டன்ட் வந்து என்ன செய்வார்

முதலில் கேப் அனாலிசிஸ். நடக்கிற ப்ராஜெக்ட் சிலவற்றை எடுத்து, ஆட்களிடம் பேசி, மாடல் கேட்பதில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு பட்டியல் போடுவார். இதில் பெரும்பாலும் முதலாளிகள் ஆச்சரியப்படுவார்கள், பாதி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும், பெயர்தான் வேறு. தினமும் காலையில் பதினைந்து நிமிஷம் நின்றுகொண்டே பேசுகிறார்களே, ஸ்பிரின்ட் என்கிற சின்ன வேலைச் சுற்று முடிந்ததும் எது சரியாகப் போகவில்லை என்று உட்கார்ந்து பேசுகிறார்களே, எல்லாமே கணக்கில் வரும். நாங்கள் அஜைல் (இப்படிச் சின்னச் சுற்றுகளாக வேலை செய்யும் முறை), எங்களுக்கு இது ஒத்துவராது என்று சொல்வதெல்லாம் பழைய கதை.

அடுத்தது எல்லை வகுப்பது. கம்பெனி முழுவதையும் மதிப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு பிரிவை மட்டும் எடுக்கலாம். கிடைக்கும் லெவல் அந்தப் பிரிவுக்கு மட்டும்தான் சொந்தம். இதை மறந்துவிட்டு (சிலர் வேண்டுமென்றே மறப்பார்கள்) விசிட்டிங் கார்டில் கம்பெனி பெயருக்குக் கீழே லெவல் 5 என்று அச்சடிப்பவர்கள் உண்டு.

அப்புறம்தான் எழுதுகிற வேலை, நிறைய பேர் சறுக்கி விழுகிற இடமும் இதுதான். கன்சல்டன்ட் ஒரு பென் டிரைவில் நூற்றைம்பது டெம்ப்ளேட் கொண்டுவந்து கொட்டுவார், வேறு ஏதோ பெரிய கம்பெனிக்குத் தைத்த சட்டை, கம்பெனி பெயரை மட்டும் மாற்றி ஃபோல்டரில் போட்டுவிடுவார்கள். சில இடங்களில் பெயரைக்கூட முழுதாக மாற்றியிருக்க மாட்டார்கள், ஃபுட்டரில் பழைய கம்பெனி சிரித்துக்கொண்டிருக்கும். அதில் ரிஸ்க் மேனேஜ்மென்ட் கமிட்டி மாதம் இரண்டு முறை கூடும் என்று எழுதியிருக்கும், இங்கே அப்படி ஒரு கமிட்டியே கிடையாது. நல்ல கன்சல்டன்ட் பேனாவை எடுப்பதற்கு முன் உங்கள் ஆட்களைப் பேச விடுவார். நீங்கள் இப்போது எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டு, அதையே முதலில் அப்படியே எழுதி, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே மட்டும் ஒட்டுப் போடுவார். மூன்று பக்கத்தில் எழுதி மூன்று பக்கமும் நடந்தால் போதும், எண்பது பக்கம் எழுதி எதுவும் நடக்காமல் இருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். இந்த எழுத்து வேலையில் கம்பெனியிலிருந்து இரண்டு மூன்று பேராவது உட்கார வேண்டும், அதுவும் வேலை இல்லாமல் சும்மா இருக்கிறவர்களாக இல்லாமல், மற்றவர்கள் மதிக்கிற ஆட்களாக. சீனியர் டெவலப்பர் எழுதிய முறையை ஜூனியர்கள் முணுமுணுத்தாலும் செய்வார்கள், எச்.ஆரில் புதிதாகச் சேர்ந்தவர் எழுதியதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

எழுதியதை ஒன்றிரண்டு ப்ராஜெக்டில் ஓட்டிப் பார்த்து, இடிக்கிற இடத்தில் மாற்றி, பிறகு எல்லோருக்கும் கொண்டுபோக வேண்டும். பயிற்சி, உள் ஆடிட், மேலிட ரிவ்யூ எல்லாம் ஓடத் தொடங்கும். ஒரு ப்ராஜெக்டாவது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை புது முறையில் போயிருந்தால்தான் காட்ட ஏதாவது இருக்கும். ஐம்பதிலிருந்து நூறு பேர் உள்ள கம்பெனிக்கு லெவல் 3 வரை போக எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் என்று நான் சொல்வேன். 45 நாளில் சர்டிபிகேட் என்று வாட்ஸ்ஆப்பில் விளம்பரம் வந்தால், அவர்கள் எதை விற்கிறார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு விஷயம், சி.எம்.எம்.ஐ.யில் கிடைப்பது சர்டிபிகேட் இல்லை, மதிப்பீட்டு முடிவு. ஐசாகா அங்கீகாரம் பெற்ற லீட் அப்ரைசர் ஒருவர் குழுவோடு வந்து முறைப்படி மதிப்பிட்டு, முடிவை ஐசாகாவுக்கு அனுப்பி, அங்கே அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். ஏற்கப்பட்ட முடிவுகளை இணையத்தில் பொதுவில் தேடிப் பார்க்கலாம், கம்பெனி பெயரை வெளியிட ஒப்புக்கொண்டிருந்தால் அங்கே இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத வண்ணக் காகிதத்தைச் சுவரில் மாட்டலாம், விவரம் தெரிந்த டெண்டர் அதிகாரியிடம் காட்ட முடியாது.

மதிப்பீட்டு நாட்களில் என்ன நடக்கும்

லீட் அப்ரைசரோடு சேர்ந்து மதிப்பிடும் குழுவில் உங்கள் கம்பெனி ஆட்களே சிலர் இருக்கலாம், இது பலருக்குத் தெரியாது. அவர்களுக்கு அதற்கான பயிற்சி வேண்டும், தங்கள் சொந்த வேலையைத் தாங்களே மதிப்பிடக் கூடாது. இரண்டு வகைச் சாட்சி பார்ப்பார்கள். ஒன்று, வேலை செய்யும்போது உண்டான ஆவணங்கள், பதிவுகள். இன்னொன்று, ஆட்கள் வாயால் சொல்வது. முன்பெல்லாம் கம்பெனியே தன் செல்லப் பிள்ளையான ப்ராஜெக்டை முன்னால் நிறுத்திக் காட்ட முடிந்தது, 2.0 பதிப்பிலிருந்து எந்த ப்ராஜெக்டில் எதைப் பார்ப்பது என்று ஐசாகாவின் சிஸ்டமே சாம்பிள் எடுத்துக் கொடுக்கிறது. முதலாளிகளுக்கும் தப்பிக்க வழியில்லை. மேலிடம் இதற்கு நேரமும் பணமும் ஒதுக்குகிறதா, தானே கவனிக்கிறதா என்று கேட்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி அதே பதிப்பில் வந்துவிட்டது. "குவாலிட்டி எல்லாம் நம்ம பையன் பார்த்துக்குவான்" என்று சொல்லும் எம்.டி. அங்கே கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும்.

பேட்டியில் கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை. வாடிக்கையாளர் நடுவில் ஒரு மாற்றம் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு டெவலப்பரைக் கேட்பார்கள். மனப்பாடம் செய்தவர் மாற்றக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பி, தாக்கப் பகுப்பாய்வு செய்து, மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவின் ஒப்புதல் பெற்று என்று ஒப்பிப்பார். அப்ரைசர் சிரித்துக்கொண்டே, "கடைசியாக நீங்கள் செய்த ஒரு மாற்றத்தைக் காட்டுங்கள்" என்பார். அங்கே தடுமாறுவார்கள். அதையே நிஜமாகச் செய்கிறவர், "போன வாரம்கூட ஒண்ணு வந்துச்சு சார், இதோ" என்று ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுவார், தமிழும் ஆங்கிலமும் கலந்து, இலக்கணம் இல்லாமல். அவருக்குத்தான் மதிப்பு. ஆங்கிலம் சரளமாக வராதே என்று பயந்து நல்ல ஆட்களைப் பேட்டிக்கு அனுப்பாமல் ஒளித்துவைக்கும் மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பயம் தேவையே இல்லை.

மதிப்பீட்டுக்கு முந்தின வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஆறு மாத மீட்டிங் மினிட்ஸை ஒரே நாளில் உற்பத்தி செய்யும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஃபைலின் உருவாக்கத் தேதி காட்டிக்கொடுக்கும், எல்லா மீட்டிங்கிலும் அதே ஐந்து பேர் வந்திருப்பார்கள், அதில் ஒருவர் அந்த மாதம் வேலையிலேயே சேர்ந்திருக்க மாட்டார். அனுபவமுள்ள அப்ரைசருக்கு இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. கண்டுபிடிக்காவிட்டாலும், அந்த ராத்திரி வேலையால் உங்கள் கம்பெனியில் ஒன்றும் மாறியிருக்காது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். செலவில் பெரியது கன்சல்டன்ட் கட்டணமோ அப்ரைசர் கட்டணமோ இல்லை, உங்கள் ஆட்களின் நேரம். அதைப் போலித் தாள்களில் கொட்டுவதற்குப் பதில் ஐந்து நிமிஷப் பதிவுகளில் போட்டிருக்கலாம்.

கிடைத்த லெவல் மூன்று வருஷம் செல்லும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் முழு மதிப்பீட்டை மறுபடி செய்யலாம், அல்லது சஸ்டெயின்மென்ட் என்கிற சிறிய மதிப்பீட்டில் போனால் இன்னும் இரண்டு வருஷம் நீளும். மதிப்பீடு முடிந்த மறுநாள் புராசஸ் டீமைக் கலைத்து ப்ராஜெக்டுகளுக்கு அனுப்பிவிடும் கம்பெனிகள், மூன்று வருஷம் கழித்து அதே கன்சல்டன்டுக்கு அதே பணத்தைக் கொடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். எங்களுக்கு லாபம்தான், ஆனால் பார்க்க நன்றாக இல்லை.

எல்லோரும் இதற்குள் வர வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். பத்துப் பேர் கம்பெனி, ஒரே ஒரு பொருள், டெண்டர் பக்கமே போவதில்லை என்றால் மாடலை இலவசமாகத் தெரிந்துகொள்ளும் அளவுக்குப் படித்துவிட்டு, லெவல் 2-ல் சொன்ன நான்கைந்து பழக்கங்களை மட்டும் கொண்டுவந்தால் போதும், மதிப்பீட்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். டெண்டருக்காகத்தான் போகிறீர்கள் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் டெண்டர் தேதியைப் பார்த்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள், ஒரு வருஷம் முன்னால் ஆரம்பியுங்கள்.

கன்சல்டன்டிடம் விலை கேட்கும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் பழைய வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் இரண்டாவது தடவையும் லெவலைத் தக்கவைத்தார்கள், அவர்களில் ஒருவரிடம் நான் பேசலாமா? வாரத்தில் எத்தனை நாள் எங்கள் ஆபீசில் வந்து உட்காருவீர்கள், அல்லது டெம்ப்ளேட்டை மெயிலில் அனுப்பிவிட்டு மாதம் ஒரு போனா? லீட் அப்ரைசர் யார், அவரும் நீங்களும் ஒரே கடையா? ஒரே கடை என்றால் கொஞ்சம் யோசியுங்கள், பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தவரே பேப்பரைத் திருத்துவதில் யாருக்கும் நிம்மதி இருக்காது. கடைசியாக, எங்களுக்கு லெவல் கிடைக்காமல் போக என்ன காரணம் இருக்கலாம் என்று கேளுங்கள். அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.